வெறும் பஞ்சு

செருப்புப் பட்டறையில் பசை மேசை என்றாலே எல்லோரும் தள்ளி நிற்பார்கள். மேல்தோலையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற பசை அது. டப்பாவைத் திறந்ததும் தலை கிறுகிறுக்கும், கண் எரியும், வீட்டுக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அந்த நெடியும் கூடவே வந்து உட்காரும். புதிதாக வந்தவர்களை அங்கே போட்டால் வயிற்றுவலி, வீட்டில் விருந்தாளி, மாமியார் படுத்த படுக்கை என்று வாய்க்கு வந்த சாக்கைச் சொல்லி நழுவிவிடுவார்கள். அவள் மட்டும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கேதான். முகம் சுளிக்கவில்லை, மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, ஜன்னலோரம் இடம் வேண்டும் என்று மல்லுக்கு நிற்கவில்லை. "தங்கமான பொண்ணு, வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது" என்று மேஸ்திரி போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். மற்றவர்கள் அவளுக்குப் பசையக்கா என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு வாசனை என்றால் என்னவென்றே தெரியாது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவளே அதைத் தெரிந்துகொள்ள வெகுநாள் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பெண்கள் ஒரு வாசனை ரப்பரை மூக்குக்கு மூக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் முறை வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த முறை யாரோ ஒரு பூவை நீட்டியபோது "ஆஹா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான் என்று அவளுக்குப் பட்டது. புதுச் சட்டையைப் பார்த்தால் நன்றாயிருக்கிறது என்று சொல்வதில்லையா, அதுபோல முகர்ந்தால் ஆஹா சொல்வது ஒரு மரியாதை. எதற்கு ஆஹா, எதற்குச் சீ என்பதை எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடலாம். அந்த வித்தையில் அவள் கைதேர்ந்துவிட்டாள். மற்றவர்களுக்கு நிஜமாகவே மூக்கில் ஏதோ நடக்கிறது என்று புரிந்த வயதில், அதை யாரிடம் போய்ச் சொல்வது? இத்தனை நாள் சொன்னதெல்லாம் புளுகு என்றாகிவிடும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள்.

வாயை மூடிக்கொள்ள வேண்டிய விஷயம் அந்த வீட்டில் இன்னொன்றும் இருந்தது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் வயதுக்கு வந்து, அதில் சிலருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இவள் மட்டும் பலகை மாதிரி அப்படியே இருந்தாள். யார் கேட்டாலும் அம்மா, "அதெல்லாம் எப்பவோ ஆயாச்சு" என்று கூசாமல் சொல்லிவிடுவாள். பிறகு யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட்டால் மாதாமாதம் வந்தது, உடம்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்ணுடம்பாயிற்று. நிறுத்தினால் நின்றது. ஏன் என்று யாரும் தோண்டவில்லை. வருகிறதா, போதும். சம்பந்தம் பேச வந்தவர்கள் "மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மூக்கைப் பற்றி அவர்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷர், வாய் மட்டும் ஓயாது. கல்யாணமாகிச் சில காலத்தில் குழந்தை எங்கே என்ற விசாரணை தொடங்கி, அவர்களும் எல்லோரையும் போல ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட்டம் நெரிந்தது. ஒரு சின்ன டாக்டர் தலை நிமிராமல் கேள்விகளை ஒப்பித்தார். சர்க்கரை உண்டா, தைராய்டு உண்டா, தலைவலி உண்டா, வாசனை தெரியுமா.

"தெரியும்" என்றாள்.

வேறு என்ன சொல்வாள்? அந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்த ஒரே பதில் அதுதான். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த ஒரு சொல்லில் அவளுடைய இளமையில் பாதி போயிற்று என்று நான் சொன்னால் மிகையில்லை. கருமுட்டை வளர மாத்திரை கொடுத்தார்கள், வளரவில்லை. அளவைக் கூட்டினார்கள், அப்போதும் அசையவில்லை. அடுத்த வருஷமும் அதே மாத்திரை, அதே ஸ்கேன். கடைசியில், சினைப்பை சுருங்கிப்போய்விட்டது, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை, வேறொரு பெண்ணிடமிருந்து முட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

"சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு அவள் வெளியே வந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அதில் ஓர் ஓரம் விட்டுப்போயிருப்பதைக் கண்டாள். எந்தப் பட்டறைச் சரக்கோ, பசையைக் காயவிடாமல் ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். வேறெதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்திருந்த அம்மாதான் அழுது தீர்த்தாள். "கல்லு மனசுடி உனக்கு" என்றும் சொன்னாள்.

வீட்டுக்காரருக்குத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால், உள்ளே இருப்பவர் பயந்து கதவை உதைக்காமல் இருக்க, இவர் வெளியிலிருந்து ஏதாவது பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். முதலில் ஊர்க்கதை. அது தீர்ந்தால் சொந்தக் கதை. ஒருநாள் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு டாக்டரம்மா சிக்கிக்கொண்டார். பழுது சீக்கிரத்தில் பிடிபடவில்லை. கதவிடுக்கு வழியாக இவர் மாத்திரைக் கதை, சினைப்பைக் கதை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டார். கதவு திறந்ததும் டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "மாத்திரை போட்டாத்தான் வரும்னு சொன்னீங்களே, அது ஏன்னு யாராவது பார்த்தாங்களா? உங்க வீட்டம்மாவை என்கிட்டக் கூட்டிட்டு வாங்க" என்றார். அவர் ஹார்மோன் டாக்டர்.

இவர்கள் போன அன்று டாக்டரம்மாவுக்குச் சளி. முகத்தில் பாதியை மாஸ்க் மூடியிருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் பின்னால், சுவரோர பெஞ்சில்.

"வாசனை தெரியுமாம்மா?"

"தெரியும் டாக்டர்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

டாக்டரம்மா அதோடு விடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து எதையோ எடுத்து, உள்ளங்கையில் மூடியபடி அவள் மூக்கருகே நீட்டினார். அவள் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மாஸ்க். அதற்கு மேலே இரண்டு கண்கள், அவற்றில் ஒரு சேதியும் இல்லை. திரும்பி வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கலாம் என்றால், எப்படித் திரும்புவது?

"நல்லா இருக்கு" என்றாள்.

"என்ன வாசனை?"

"பூ... சோப்பு மாதிரி."

"சரி. இது?" இன்னொரு கை வந்தது.

ஒன்று நன்றாயிருந்தால் அடுத்தது நாறத்தானே வேண்டும் என்று கணக்குப் போட்டாள். "இது ஒரு மாதிரி இருக்கு. பிடிக்கல."

டாக்டரம்மா இரண்டு கைகளையும் திறந்து மேசைமேல் வைத்தார். "முதல்ல காட்டினது வெறும் பஞ்சும்மா. ரெண்டாவது காப்பிப்பொடி."

பின்னால் பெஞ்ச் கிறீச்சிட்டது. கடையில் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்குப் பிறகு வெகுநாள் அவளுக்கு அந்த அளவு எதுவும் உறைக்கவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தாளில் ஒரு தலை வரைந்து காட்டினார். கருவில் குழந்தை உருவாகும்போது, வாசனை நரம்பும், சினைப்பைக்குச் சேதி அனுப்புகிற செல்களும் மூக்குப் பக்கத்திலிருந்து ஒன்றாகக் கிளம்பி மூளைக்குப் போகுமாம். இவளுக்கு அந்தப் பயணம் பாதி வழியில் நின்றுவிட்டதாம். அபூர்வமான கோளாறுதான். "உங்க சினைப்பை சுருங்கல. அதுக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் சேதியே அனுப்பல, அவ்வளவுதான். அந்த மாத்திரை எல்லாம் மூளையைத் தட்டி எழுப்புற மாத்திரை. சொல்ல வேண்டிய ஆளே அங்க இல்லாதப்போ தட்டி என்ன பிரயோஜனம்? வாசனை தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா முதல் வருஷமே கண்டுபிடிச்சிருக்கலாம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வீட்டுக்காரர் பேசவே இல்லை. வாயாடி மனுஷர் பேசாமல் நடந்தால் தெருவே வெறிச்சென்றிருக்கிறது. தெருமுனையில் நின்று திரும்பினார்.

"பால் தீய்ஞ்சப்போ, ஐயோ தீயுதேன்னு என்னை முந்திக்கிட்டு ஓடினியே?"

"உங்க மூக்கு சுருங்குச்சு. அதைப் பார்த்து ஓடினேன்."

"கல்யாணமான புதுசுல என் சென்ட் நல்லா இருக்குன்னு சொன்னியே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு அந்தக் கருமத்தைப் போட்டா தும்மல் நிக்காதுடி. உனக்குப் பிடிக்குதேன்னு இத்தனை வருஷம் தும்மித் தும்மிச் செத்திருக்கேன்." சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, "வேற எதுல எல்லாம் என் மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொன்ன?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டார். "உங்களுக்குக் குழந்தை வேணுமா?"

அவள் கண் தன்னையறியாமல் கதவுப் பக்கம் போயிற்று.

"அவர் வெளிய இருக்கார். நான் உங்களைக் கேட்கறேன்."

வேணும் என்ற சொல்லை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா கண்ணீரோடு கேட்டபோது, வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நின்றபோது, எல்லா இடத்திலும் வேணும்தான் சரியான பதில். தனக்கு வேண்டுமா என்று உள்ளே தேடிப்பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"தெரியல" என்றாள்.

"அதுவே பரவாயில்ல" என்றார் டாக்டரம்மா. "ஆரம்பிச்சுப் பார்ப்போம். எப்ப வேண்டாம்னு தோணுதோ அப்ப நிறுத்திடலாம். ஆனா அந்தப் பசை மேசையை முதல்ல விடுங்க. அந்த நெடி நல்லதில்ல. உங்களுக்குத் தெரியலைங்கறதால அது உள்ள போகாம இல்ல."

சிகிச்சை என்றால், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்குள் போகும். மூளை அனுப்பாத சேதியை அந்தப் பெட்டி விட்டு விட்டுச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். பகலென்றும் இரவென்றும் அதற்குக் கிடையாது. வீட்டுக்காரர், "எனக்கே போட்டியா ஒரு மிஷினைக் கட்டிக்கிட்டு வந்திருக்கியே" என்று கேலி செய்தார். ஊசி குத்துமிடத்தை மாற்றுவதை மட்டும், லிஃப்ட் கயிற்றைச் சரிபார்ப்பது போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரே செய்தார்.

பட்டறையில் என்ன சொல்வது என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். தோலில் அரிப்பு என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் பசை மேசையிலிருந்து கொக்கி தைக்கிற மேசைக்கு மாறினாள். மேஸ்திரிக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் இடத்துக்கு வந்த பெண் மதியத்துக்குள் வாந்தி எடுத்தாள். "மகாராணிக்குத் திடீர்னு பசை ஒத்துக்கலையாம்" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், அவள் காதில் விழுகிற மாதிரியே. அவளுக்கு அதுவும் உறைக்கவில்லை. கொக்கியை வைத்தாள், தைத்தாள், அடுத்த கொக்கியை எடுத்தாள். உள்ளே எங்கும் மரத்துப்போயிருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வோமே, அப்படித்தான் அவள் தன்னை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்கேனில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. "ஒண்ணும் மிச்சமில்லன்னாங்களா? இதோ பாருங்க, எப்படி வளர்ந்திருக்கு" என்று டாக்டரம்மா திரையைத் தட்டிக் காட்டினார். வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். அவள் திரையைப் பார்க்காமல் அந்தப் பல்லைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள்.

பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தபோதும் அதே கதைதான். அவர் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா செய்தி கேட்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "சந்தோஷமா இருக்குடி, உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "சந்தோஷமா இருக்கும்மா" என்றாள் அவள். பள்ளிக்கூடத்தில் பூவுக்கு ஆஹா சொன்ன அதே குரல். அது அவளுக்கே கேட்டது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். வயிறு வயிறாகத்தான் இருந்தது. பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும், யாரும் சொல்லாமலே, பசை மேசைக்கு நேர் எதிர் மூலையில் போய் உட்கார ஆரம்பித்தாள்.

அது நிலைக்கவில்லை. அடுத்தடுத்து எடுத்த ஸ்கேன்களில் ஒன்றின்போது டாக்டரம்மா பேச்சை நிறுத்தினார். கருவியை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். அன்றைக்கு அவர் முகத்தில் மாஸ்க் இல்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் படித்துவிட்டாள்.

"துடிப்பு இல்லம்மா."

வீட்டுக்காரர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அவள் வயிற்றில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள், முதுகைத் தடவினாள், "விடுங்க, விடுங்க" என்றாள். வீட்டில் அம்மாவுக்கும் அதேதான். இரண்டு பேரையும் தேற்றி முடிக்கவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. கருவை வெளியேற்றிவிட்டு வந்து படுத்தாள், எழுந்தாள், கொக்கி தைக்கப் போனாள். ஒருவர் முகமும் அவளிடம் எதையும் கேட்கவில்லை, அவளும் எதையும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து டாக்டரம்மாவின் அறையிலிருந்து ஃபோன் வந்தது. உடம்பு தேறிவிட்டது, விருப்பப்பட்டால் மறுபடி பெட்டியைக் கட்டலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். அன்று விடுமுறை. அம்மாவும் வந்திருந்தாள். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். "போதும்னு தோணுது எனக்கு. நீ ஒரு வார்த்தை பேசாம நடமாடறதைப் பார்க்க முடியல. குழந்தைக்காக நான் உன்னைத்தான் பாடாப் படுத்தியிருக்கேன். எனக்கு நீ இருந்தாப் போதும். நிஜமாத்தான் சொல்றேன்."

"மாப்பிள்ளை சொல்றதுதான் சரி" என்றாள் அம்மா. "எத்தனை தடவை குத்திக்குவ? அதோட, இது பிள்ளைக்கும் வரலாம்னு அந்த டாக்டரே சொன்னாங்களாமே. அதுவும் உன்னை மாதிரியே பொறந்து, நான் பட்ட பாட்டை நீயும் படணுமா? விட்டுடு கண்ணு."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இருவர் முகத்தையும் பார்த்தாள். படிக்க இவ்வளவு சுலபமான முகங்கள் அவளுக்கு வாய்த்ததே இல்லை. போதும் என்று இரண்டிலும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அன்பாகவும் எழுதியிருந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள், அவர் எழுந்து காப்பி போடுவார், விஷயம் முடிந்துவிடும். சரி என்ற சொல் நுனிநாக்கில் தயாராகவும் இருந்தது.

"எனக்கு வேணும்" என்றாள்.

கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. யாரோ பேசியது போல அவளே திடுக்கிட்டாள்.

"என்னது?" என்றாள் அம்மா.

"குழந்தை வேணும். பெட்டியைக் கட்டிக்கறேன்." அம்மா பக்கம் திரும்பினாள். "என்னை மாதிரியே பொறந்தா பொறக்கட்டும். அது வாசனை தெரியலன்னு சொன்னா நான் நம்புவேன். அதுக்காக ஊரெல்லாம் பொய் சொல்லிட்டுத் திரிய மாட்டேன்."

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், அவளும் தனக்குத் தெரிந்த வழியில்தான் மகளைக் காப்பாற்றினாள். ஆனால் இன்றைக்கு மகளுக்கு அதைச் சொல்லித் தேற்றத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தாழ்ந்திருந்தது. "நல்லா யோசிச்சுச் சொல்றியா? எனக்காகச் சொல்லலையே?"

"உங்களுக்காகன்னா வேணாம்னுதானே சொல்லியிருக்கணும்?" என்றாள் அவள். "நீங்க ரெண்டு பேரும் அதைத்தானே கேட்டுட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

அவளுக்கு அதற்குள் முகம் கோணி, அழுகை வந்துவிட்டது. இனி வரப்போகிற குழந்தைக்கான அழுகை இல்லை அது. போனதற்கு. "அது என்னோடதுங்க" என்றாள். "போயிடுச்சு. எனக்கு வலிக்குது." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அசிங்கமாக, சத்தமாக, மூக்கு ஒழுக அவள் அழுதாள். அம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். "வேணும்னு அவங்ககிட்ட ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க" என்று அழுகைக்கு நடுவே வீட்டுக்காரரிடம் சொன்னவள், உடனே தலையை ஆட்டி, "வேண்டாம், நானே சொல்றேன்" என்று கையை நீட்டினாள். அவர் ஃபோனை எடுத்து அவளிடம் கொடுத்தார்.